பூச்சியத்திலிருந்து 450 வோல்ட் வரை: ஒரு மாறா மின்னோட்டப் பெட்டி கட்டிய கதை

ஆடி மாதம். கச்சான் காற்று திருகோணமலையை வறுத்துக்கொண்டிருந்த ஒரு பகல். ஒரு பெரியவர் முச்சக்கர வண்டியில் பழைய வால்வு அம்பிளிஃபயர் ஒன்றை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். நானும் கடையில் வேலை பழகும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் இறக்கினோம்.

"இது அப்பா வாங்கினது தம்பி. கோவில் திருவிழா, கலியாண வீடு எல்லாத்துக்கும் இதுதான் பாடினது. எறியச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார்.

உள்ளே இரண்டு ஈஎல்34 வால்வுகள், கறுத்துப்போன வயர்கள், நடுவில் கட்டைவிரலைவிடத் தடித்த ஓர் அலுமினியக் குழாய். அதன் மேல் 50 + 50 மைக்ரோ பராட், 450 வோல்ட் என்று எழுதியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் யாரும் பிளக்கில் செருகவில்லை. அதனால் நானும் செருகவில்லை.

காரணம் அந்தக் குழாய்தான். அது ஓர் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்; 50 + 50 என்றால் ஒரே குழாய்க்குள் இரண்டு. அதற்குள் அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஒக்சைட் படலம் இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்து நிற்பது அந்தப் படலம் ஒன்றே. நெடுநாள் சும்மா கிடந்தால் அது பழுதாகி ஆங்காங்கே மெலிந்துவிடும். அந்த நிலையில் ஒரேயடியாக 450 வோல்ட்டைக் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் பாய்ந்து, உள்ளே சூடேறி, குழாய் வெடிக்கவும் கூடும். அதே படலத்துக்கு மிகக் குறைந்த மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் கொடுத்தால் அது தன்னைத் தானே திரும்பக் கட்டிக்கொள்ளும். தொழிலில் இதைக் கப்பாசிட்டரைப் பழக்கி எடுப்பது என்போம்.

பலர் இதற்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டுவிட்டு விடுவார்கள். நானும் பல தடவை அப்படிச் செய்தவன்தான். 450 வோல்ட்டுக்கு 100 கிலோ ஓம் போட்டால் தொடக்கத்தில் நாலரை மில்லி அம்பியர் ஓடும். கப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு ஏறியதும் ஒன்றரைதான் ஓடும். 400 தாண்டினால் அரை மில்லி அம்பியர்கூடக் கிடையாது. படலம் புதிதாகக் கட்டப்பட வேண்டிய மேல் வோல்ட்டேஜில்தான் நல்ல உந்துதல் வேண்டும். அங்கேயே ரெசிஸ்டர் தளர்ந்துவிடுகிறது. பூச்சியத்திலும் 450இலும் ஒரே அளவாக 2 மில்லி அம்பியர் தருகிற ஒரு பெட்டி இருந்தால் கதையே வேறு.

அது மட்டுமல்ல. கடைக்கு வரும் ரீவிகளில் சத்தம் வருகிறது, படம் இல்லை என்ற கேஸ்தான் இப்போது அதிகம். பெரும்பாலும் திரைக்குப் பின்னாலுள்ள எல்இடி பட்டி அறுந்திருக்கும். அந்தப் பட்டிகளைச் சோதிக்கவும் மாறா மின்னோட்டம்தான் வேண்டும். கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அது செத்த பிறகு திறந்து பார்த்தேன். மெயின்ஸுக்கும், அதாவது சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டுக்கும், வெளியே வரும் கிளிப்புக்கும் நடுவில் எந்தப் பிரிப்பும் இல்லை. பட்டியில் கை வைக்கிறவன் மெயின்ஸிலேயே கை வைக்கிறான். வேலை பழகும் பிள்ளைகள் இருக்கும் மேசையில் அதை இனி வைக்கப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். சரி, இரண்டு வேலைக்கும் ஒரே பெட்டியைக் கட்டுவோம் என்று தொடங்கியதுதான் இந்தக் கதை.

முதல் பலகையும் இரண்டு இலக்கங்களும்

கட்ட வேண்டியது: பூச்சியத்திலிருந்து 450 வோல்ட் வரை 2 மில்லி அம்பியர்; எல்இடி பட்டிகளுக்காக இன்னொரு நிலையில் 20க்குக் கிட்ட.

மின்சாரம் எடுப்பதில் சிக்கல் இருக்கவில்லை. 230க்கு 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோமர்கள் இரண்டை முதுகோடு முதுகாக வைத்தேன். முதலாவது மெயின்ஸை 12 ஆக்கும். இரண்டாவதைத் திருப்பிப் போட்டால் அந்த 12ஐ மறுபடி இருநூற்றுச் சொச்சமாக்கும். மெயின்ஸிலிருந்து பிரிப்பும் கிடைத்துவிடுகிறது. அதன் பின்னால் இரண்டு டயோட், இரண்டு 47 மைக்ரோ பராட் 400 வோல்ட் கப்பாசிட்டர் வைத்து வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கினேன். ஒன்றும் இழுக்காதபோது 600 வோல்ட். 18 மில்லி அம்பியர் இழுக்கும்போது 535. ஒவ்வொரு கப்பாசிட்டருக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இரண்டு கப்பாசிட்டரும் வோல்ட்டேஜைச் சமமாகப் பங்குபோடவும், நிறுத்தியபின் வடியவும் அது உதவும். வடிந்து 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்க அரை நிமிடம் எடுக்கும். அந்த அரை நிமிடம் பெட்டிக்குள் யாரும் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம்.

மின்னோட்டத்தைப் பிடித்து வைக்க, பழைய சிஎஃப்எல் பல்புகளிலிருந்து கழற்றிய எம்ஜேஇ13003 ட்ரான்சிஸ்டரை எடுத்தேன். எந்தக் கடையின் பழைய சாமான் பெட்டியிலும் அது கிடக்கும். தரவுத்தாளில் 700 வோல்ட் என்று பார்த்தது நினைவிருந்தது. 600க்கு 700 போதும்தானே?

கிளிப் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு அளந்து பார்த்தேன். மீட்டர் 2 மில்லி அம்பியர் காட்டியது. ஒரு நொடிதான். அதன் பின் ஒரு சின்ன 'டிக்'. மீட்டரின் ஃபியூஸ் போய்விட்டது. ட்ரான்சிஸ்டரின் மூன்று கால்களில் (பேஸ், கலெக்டர், எமிட்டர்) கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் முழு ஷோர்ட்; பேஸ்தான் மற்ற இரண்டுக்கும் நடுவில் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் கால்.

தரவுத்தாளை மறுபடி விரித்து வைத்து நிதானமாகப் படித்தேன். அதில் இரண்டு வோல்ட்டேஜ் இருக்கிறது. பேஸை எமிட்டரோடு சேர்த்து, ட்ரான்சிஸ்டரை முழுக்க அணைத்து வைத்திருக்கும்போது தாங்குவது 700. பேஸ் திறந்திருக்கும்போது தாங்குவது 400. பல்புக்குள் அந்த ட்ரான்சிஸ்டர் சுவிட்ச்போல ஒன்றில் முழுக்க மூடியிருக்கும், இல்லாவிட்டால் முழுக்கத் திறந்திருக்கும். மூடியிருக்கும்போது 700 அதற்குப் பொருந்தும். என் பெட்டியிலோ அது எப்போதும் பாதித் திறந்த நிலையில் நின்று, மின்னோட்டத்தை ஓடவிட்டபடியே வோல்ட்டேஜையும் தாங்குகிறது. அங்கே நம்பக்கூடியது 400தான். அதிலும் வோல்ட்டேஜ் ஏற ஏற எவ்வளவு மின்னோட்டம் விடலாம் என்பது சட்டெனக் குறையும். பாதுகாப்பாக இயங்கும் எல்லையைக் காட்டும் வரைபடத்தில் அந்தக் கோடு வலப்பக்கம் செங்குத்தாக விழுகிறது. நான் அந்த வரைபடத்தைப் பார்க்காமலேயே வேலையைத் தொடங்கியிருந்தேன்.

இந்த இடத்தில்தான் முழுப் பிரச்சினையும் எனக்குப் பிடிபட்டது. 2 மில்லி அம்பியரை நிலையாக வைத்திருப்பது பெரிய வித்தையில்லை. ஒரு சின்ன ரெசிஸ்டரும் ஒரு ட்ரான்சிஸ்டரும் அதைச் செய்துவிடும். ஆனால் சுமை, அதாவது கிளிப்பில் மாட்டும் பொருள், தன் பங்குக்கு எடுக்காத வோல்ட்டேஜ் முழுவதும் பெட்டிக்குள்தான் எங்கோ நிற்க வேண்டும். வெற்றுக் கப்பாசிட்டர் ஒன்றை மாட்டும் முதல் கணத்தில் அது வெறும் கம்பித் துண்டு மாதிரி. அப்போது 600 வோல்ட்டும் என் ட்ரான்சிஸ்டரின் தலையில். இந்தச் சுற்றுக்கு ஷோர்ட் என்பது எப்போதாவது நேரும் விபத்தில்லை. ஒவ்வொரு தடவையும் வேலை தொடங்கும் இடமே அதுதான். ஆகவே வரைபடம் கீறும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கிளிப் இரண்டும் ஒட்டியிருக்கும்போது அந்த வோல்ட்டேஜ் எந்தப் பாகத்தில் நிற்கிறது, அதன் சூடு எந்த வழியாகப் போகிறது?

மொஸ்பெட் வந்தது

வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்317 சில்லைப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். 1.25 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டரால் பிரித்தால் மின்னோட்டம் வந்துவிடும். படிக்கும்போது அழகான சுற்று. ஆனால் அதன் உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் நடுவில் 40 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடாது. ஒழுங்காக வேலை செய்யச் சில மில்லி அம்பியராவது அதனூடாக ஓடவும் வேண்டும். மோசமான துண்டென்றால் 10கூடத் தேவைப்படும். 2 மில்லி அம்பியர் வேலைக்கு அது ஆகாது. அடுத்தது மொஸ்பெட்: கேட் என்ற காலில் கொடுக்கும் வோல்ட்டேஜால், டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரண்டு கால்களுக்கும் நடுவில் ஓடுவதைத் திறந்து மூடும் ஒருவகை ட்ரான்சிஸ்டர். அதில் டிப்ளீஷன் வகை மிக வசதியானது: கேட்டுக்கு ஒன்றும் கொடுக்காமலே திறந்திருக்கும், ஒரு ரெசிஸ்டரோடு தானே மின்னோட்டத்தைக் கட்டிப் போடும். டிஎன்2540 400 வோல்ட் தாங்கும், எல்என்டி150 500 வோல்ட். என் 600 வோல்ட்டுக்கு இரண்டும் போதாது. 1000 வோல்ட் வகைகளும் உண்டு. ஆனால் உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை தேடினாலும் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து வரும்வரை பெரியவரின் அம்பிளிஃபயர் மேசையில் காத்திருக்க முடியாது.

அதனால் ஒரு பழைய ரீவியின் பவர் பலகையிலிருந்து 900 வோல்ட், 5 அம்பியர் சாதாரண மொஸ்பெட் ஒன்றைக் கழற்றினேன். சுற்று இப்படி: மொஸ்பெட்டின் டிரெயின் 600 வோல்ட் பக்கம். சோர்ஸிலிருந்து ஓர் உணர் ரெசிஸ்டர், அதன் மறுமுனை வெளியே போகும் கிளிப்புக்கு. அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு பிசி547 சின்ன ட்ரான்சிஸ்டர்: பேஸ் மேல் முனையில், எமிட்டர் கீழ் முனையில், கலெக்டர் மொஸ்பெட்டின் கேட்டில். 600 வோல்ட்டிலிருந்து பெரிய ரெசிஸ்டர் ஒன்று கேட்டை மேலே இழுத்துக்கொண்டிருக்கும். மின்னோட்டம் கூடி உணர் ரெசிஸ்டரில் ஏறத்தாழ 0.6 வோல்ட் விழுந்ததும் பிசி547 விழித்துக்கொண்டு கேட்டைக் கீழே இழுக்கும். மொஸ்பெட் கொஞ்சம் மூடும். அவ்வளவுதான்.

உணர் ரெசிஸ்டருக்கு மூன்று 100 ஓம் எடுத்தேன். தொடராக வைத்தால் 300 ஓம், 2 மில்லி அம்பியர். பக்கத்துப் பக்கமாக வைத்தால் 33 ஓம், 18 மில்லி அம்பியர். எல்இடி பட்டியைப் பார்க்க 18 தாராளம்.

பலகை இயங்கியது. மனம் நிறைந்துபோனேன். ஆனால் அளந்தபோது ஒரு குறை: கிளிப்புகள் ஒட்டியிருக்கையில் 2.37 மில்லி அம்பியர், 450 வோல்ட்டில் 2.05. மாறா மின்னோட்டம் என்று பெயர் வைத்துவிட்டு 14 சதவீதம் மாறுகிறது.

ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. கேட்டை இழுக்கும் ரெசிஸ்டர் 2.2 மெகா ஓம். அதனூடாக வரும் மின்னோட்டம் பிசி547க்குள் புகுந்து எமிட்டர் வழியாக நேரே கிளிப்புக்குப் போகிறது. உணர் ரெசிஸ்டர் அதைப் பார்ப்பதே இல்லை. கிளிப் பூச்சியத்தில் இருக்கும்போது அது 0.27 மில்லி அம்பியர். 450இல் இருக்கும்போது 0.07தான். அதோடு பிசி547க்குள் ஓடும் மின்னோட்டம் குறையும்போது அதன் 0.6 வோல்ட்டும் கொஞ்சம் இறங்குகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. பிசி547க்குப் பதிலாக டிஎல்431 என்ற துல்லியச் சில்லைப் போட்டால் துல்லியம் கூடும் என்று நினைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அதற்கு மட்டும் ஒரு மில்லி அம்பியர் வரை கொடுக்க வேண்டியிருக்கும். 2 மில்லி அம்பியர் பெட்டியில் அது பாதி வீட்டை வாடகைக்குக் கொடுத்த மாதிரி.

இதைச் சரிசெய்ய நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே இரண்டாவது பலகை இன்னொரு விதமாகப் பாடம் சொன்னது. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலை, பெட்டி சும்மா இருந்தது. 600 வோல்ட் இருக்கிறது, வெளியே ஒன்றும் வரவில்லை. மொஸ்பெட் நல்லது, பிசி547 நல்லது. கடைசியில் அந்த 2.2 மெகா ஓம் கால்வாட் ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தால் மீட்டர் அசையவில்லை. கருகவில்லை, வெடிக்கவில்லை, நிறக்கோடுகள் புதுசாகவே இருந்தன. உள்ளே அறுந்துவிட்டது.

வாட் கணக்கில் பிழையில்லை, அதில் 0.16 வாட்தான் சூடு. ஆனால் ரெசிஸ்டருக்கு வாட் எல்லை மட்டுமல்ல, வோல்ட் எல்லையும் உண்டு. கால்வாட் ரெசிஸ்டர்களில் பெரும்பாலானவை 250 வோல்ட் வரைக்கும்தான். நான் அதன் மேல் 600ஐ நிறுத்தியிருந்தேன். பன்னிரண்டு வோல்ட் வேலைகள் செய்து பழகிய கைக்கு இந்த எல்லை கண்ணிலேயே படாது. 3.3 மெகா ஓம் மூன்றைத் தொடராகப் போட்டேன். ஆளுக்கு 200 வோல்ட். மொத்தம் 9.9 மெகா ஓம் ஆனதால் முந்தைய குறையும் சேர்ந்து குறைந்தது. கிளிப் ஒட்டியிருக்கையில் 2.04, 450 வோல்ட்டில் 1.88. கப்பாசிட்டர் பழக்குவதற்கு இது மிக நல்ல அளவு என்பது என் கணிப்பு. இதற்கு மேல் துல்லியம் தேடினால் பாகங்கள் கூடுமே தவிர வேலை கூடாது.

தம்பி கிளிப்பைத் தொட்ட நாள்

பெட்டியில் சுமை ஒன்றும் இல்லாதபோது கிளிப்பில் வோல்ட்டேஜ் 600 வரை ஏறிவிடும். மாறா மின்னோட்டம் தருகிற எதற்கும் இந்த இயல்பு உண்டு; சொன்ன மின்னோட்டம் ஓடும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். 450 வோல்ட் கப்பாசிட்டரை அப்படித் தள்ள விட்டால் பழக்க வந்ததே கொன்றுவிடும். அதனால் மொஸ்பெட்டின் கேட்டிலிருந்து தரைக்கு 1என்4764, அதாவது 100 வோல்ட் சீனர் (குறித்த வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத டயோட்), நான்கும், 51 வோல்ட் ஒன்றும் தொடராகப் போட்டேன். கேட் 451க்கு மேல் ஏறாது. கிளிப் அதைவிட நாலைந்து வோல்ட் கீழே நிற்கும். 350 வோல்ட் கப்பாசிட்டர்களுக்காக நடுவில் இன்னொரு தட்டும் வைத்தேன்.

அன்றைக்கு ஒரு ரீவிப் பட்டியைப் பார்த்துவிட்டுப் பெட்டி 18 நிலையிலேயே இருந்தது. தம்பி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முழு வோல்ட்டேஜில் நின்ற இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று பட்டுவிட்டன. சுவரில் எறிந்த நெருப்புக்குச்சி மாதிரி ஒரு வெளிச்சம்.

"அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்ல, கிளிப் தானாப் பட்டுட்டுது."

"நீ ஒண்டும் செய்யேல்லத்தான். கையைப் பார், ஒண்டும் இல்லையே? சரி. கிளிப் பட்டாச் சாகிற பெட்டியைக் கட்டினது நான்தான்."

நான் அதை மனதாரவே சொன்னேன். கிளிப் என்றால் ஒருநாள் படும்.

பிரித்துப் பார்த்தபோது பிசி547, மொஸ்பெட் இரண்டும் போயிருந்தன. நடந்தது இதுதான்: சோர்ஸ் ஒரே கணத்தில் 450இலிருந்து பூச்சியத்துக்கு விழுகிறது. டிரெயின் 600இலேயே நிற்கிறது. டிரெயினுக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கொள்ளளவு கேட்டை மேலே பிடித்து வைக்கிறது. மொஸ்பெட் ஒரு கணம் அகலத் திறக்கிறது. பின்னால் 600 வோல்ட்டில் நிரம்பியிருக்கும் கப்பாசிட்டர்கள் அந்த வாசலூடாகக் கொட்டுகின்றன. அந்த வெள்ளத்துக்கு உணர் ரெசிஸ்டரைவிடச் சுலபமான வழி பிசி547இன் பேஸும் எமிட்டரும். பேஸில் ஒரு ரெசிஸ்டரும் நான் வைத்திருக்கவில்லை. காவல்காரன் முதலில் விழுந்தான்; கேட்டைப் பிடிக்க ஆளில்லாமல் மொஸ்பெட்டும் போனது.

அதற்குச் செய்தவை சின்னச் சின்ன வேலைகள்தான். பேஸில் 1 கிலோ ஓம். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 12 வோல்ட் சீனர். கேட்டோடு ஒட்டினாற்போல 470 ஓம், நீள வயர் மாட்டும்போது சுற்று அலைவுக்குப் போகாமல் இருக்க. கிளிப்புக்கு முன்னால் ஒரு 1என்4007 டயோட். பெட்டியை நிறுத்தியபின் நிரம்பிய கப்பாசிட்டர் மொஸ்பெட்டுக்குள் இருக்கும் டயோட் வழியாகப் பின்பக்கம் வடிந்து பிசி547ஐ மறுபடி கொல்லாமல் இருக்க.

பெரிய வேலை ஒன்றே ஒன்று, அதுதான் இந்தப் பெட்டியிலேயே எனக்கு மிகப் பிடித்தது: டிரெயினுக்கு முன்னால் 10 கிலோ ஓம், 10 வாட் சீமெந்து ரெசிஸ்டர்.

அது இல்லாமல் 18 மில்லி அம்பியரில் கிளிப்பை ஒட்டிவைத்தால் 535 வோல்ட்டும் மொஸ்பெட்டில்தான்; 9.6 வாட். என்னிடம் இருந்த ஹீட்சிங்குக்கு (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடு) வாட் ஒன்றுக்கு 6 பாகை ஏறும். 33 பாகை அறையில் அது 90ஐத் தாண்டும், கச்சான் நாளில் இன்னும் மேலே. 10 கிலோ ஓமைப் போட்டபின் அதே 18 மில்லி அம்பியரில் ரெசிஸ்டர் 180 வோல்ட்டைத் தன் தோளில் எடுத்துக்கொள்கிறது, 3.2 வாட். மொஸ்பெட்டுக்கு 6.4 வாட்தான் மிஞ்சும். ஹீட்சிங்க் 70க்குச் சற்று மேலே நிற்கிறது. விலையாகக் கொடுப்பது மேல் வோல்ட்டேஜை: 18 நிலையில் 350க்கு மேல் போகாது. என் மேசைக்கு வரும் எந்த எல்இடி பட்டிக்கும் அது போதும். 450 வேண்டிய 2 மில்லி அம்பியர் நிலையிலோ அந்த ரெசிஸ்டர் வெறும் 20 வோல்ட்தான் எடுக்கும். சூடு உள்ள இடத்தில் மட்டும் சுமையைத் தாங்கி, சூடு இல்லாத இடத்தில் வழிவிட்டு நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. மொஸ்பெட் செத்தால் பெரும்பாலும் ஷோர்ட்டாகித்தான் சாகும். அப்படிச் செத்தாலும் 600 வோல்ட்டை 10 கிலோ ஓம் தடுத்து நிறுத்தும். 60 மில்லி அம்பியருக்கு மேல் போகாது. சீமெந்து ரெசிஸ்டர் அந்தச் சூட்டை நெடுநேரம் தாங்காது என்பதால், ரைஸ் குக்கரில் இருக்கும் வெப்ப ஃபியூஸ் ஒன்றை அதன் முதுகோடு கட்டி, இரண்டு ட்ரான்ஸ்ஃபோமருக்கும் நடுவிலுள்ள 12 வோல்ட் வயரில் தொடராகப் போட்டேன். 12 வோல்ட் வயர் என்பதால் மெயின்ஸ் பிரிப்பும் கெடவில்லை.

பிசி547ஐ ஹீட்சிங்கிலிருந்து தள்ளி வைத்ததும் அப்போதுதான். சூடானால் அதன் 0.6 வோல்ட் பாகைக்கு 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். முதலில் பக்கத்தில் வைத்திருந்தேன். கால்மணி நேரத்தில் 18 மெல்ல மெல்ல பதினாறரையாகிவிட்டிருந்தது.

ஹீட்சிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மொஸ்பெட்டின் உலோக முதுகு டிரெயினோடு ஒட்டியது. காப்பு இல்லாமல் திருகினால் ஹீட்சிங்கே 600 வோல்ட்டில் நிற்கும். நான் எடுத்தது முழுக்கப் பிளாஸ்டிக்கால் மூடிய வகை. அப்படியிருந்தும் ஹீட்சிங்கைப் பெட்டிக்குள் வைத்து, வெளியே காற்றுத்துளை மட்டும் விட்டேன்.

மாரி காலத்தில் கேட்ட சத்தம்

ஐப்பசி முடிந்து மழை பிடித்தது. கார்த்திகையில் ஒரு நாள் காலை பெட்டியைப் போட்டதும் உள்ளேயிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், தோசைக்கல்லில் ஒரு துளி தண்ணீர் விட்டதுபோல. கிளிப்பில் ஒன்றும் மாட்டவில்லை. மில்லி அம்பியர் முள் நின்ற இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து, மூடியைக் கழற்றினேன். நான் கட்டியிருந்தது செம்புக் கோடு போட்ட துளைப் பலகையில். அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். 600 வோல்ட் கோட்டுக்கும் பக்கத்துக் கோட்டுக்கும் நடுவில், சொல்டர் பசை துடைக்காமல் விட்ட இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கபிலக் கோடு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து போயிருந்தது.

எங்கள் கடைக்கும் கடலுக்கும் நடுவில் நடந்து போகும் தூரம்தான். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். உப்புக்காற்று பலகையில் படிந்துகொண்டேயிருக்கும். கச்சானில் அது காய்ந்த தூள், ஒன்றும் செய்யாது. மாரியில் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். பசையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். சின்னக் கசிவு அந்த இடத்தைச் சுட்டுக் கரியாக்கும். கரி இன்னும் நன்றாகக் கடத்தும். ஆடியில் கட்டி ஆடியிலேயே சோதித்த பலகை கார்த்திகையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாவது பலகையைச் செம்பே இல்லாத வெறும் பலகையில், பித்தளை ஆணிகள் அடித்துக் கட்டினேன். 600 வோல்ட்டுக்கும் கிளிப்புப் பக்கத்துக்கும் நடுவில் எங்கும் 8 மில்லிமீட்டர். இன்னும் நெருங்க வேண்டிய ஓர் இடத்தில் பலகையையே வாளால் அறுத்து ஒரு நீளத் துவாரம் விட்டேன். காற்றில் உப்புப் படியாது. பலகையின் மேற்பரப்பில்தான் படியும். வேலை முடிந்ததும் ஐசோபுறப்பைல் அல்கஹோலால் இரண்டு தடவை துடைத்து, வெயிலில் காயவைத்து, மோட்டார் சுருளுக்குப் பூசும் வார்னிஷை இரண்டு பூச்சுப் பூசினேன். கொழும்பிலோ கண்டியிலோ கட்டுபவருக்கு இவ்வளவு தேவைப்படாமல் போகலாம். கடலோரத்தில் 600 வோல்ட்டுக்குப் பலகையும் ஒரு பாகம்; அதற்கும் எல்லை பார்க்க வேண்டும்.

குழாய்க்குள் இருந்த இரண்டும்

தை பிறந்து பெரியவரின் அம்பிளிஃபயரை மறுபடி மேசையில் வைத்தோம். குழாயிலிருந்து வயர்களைக் கழற்றி, முதல் பாதிக்குக் கிளிப் மாட்டினேன். தம்பி கைத்தொலைபேசியில் நேரம் பார்க்க, நான் மீட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனேன்: நூறு... இருநூறு... முந்நூறு. ரெசிஸ்டர் போட்டுப் பழக்கிய நாட்களில் முள் முதலில் பாய்ந்து பிறகு சோர்ந்து ஊரும். இது ஒரே நடையில் ஏறியது. ஒவ்வொரு நூறுக்கும் இரண்டரை நொடிக்குச் சற்று மேல். 400ஐத் தொட்டபோது தம்பி "பத்தரை" என்றான்.

மின்னோட்டம் மாறாமல் இருந்தால் கொள்ளளவைத் தாளிலேயே கணக்குப் பார்க்கலாம். 2 மில்லி அம்பியர், பத்தரை நொடி, 400 வோல்ட்: பெருக்கிப் பிரித்தால் 52 மைக்ரோ பராட்டுக்குச் சற்று மேல். குழாயில் எழுதியிருப்பது 50. தம்பி அந்தக் கணக்கைத் தானே இரண்டு தரம் போட்டுப் பார்த்தான். பாடசாலையில் சூத்திரமாகப் படித்தது, இப்போது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தபோது, ஐந்தாறு மாதம் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

450 தட்டில் போய் நின்றதும் மில்லி அம்பியர் முள் இறங்கத் தொடங்கியது. அங்கே காட்டுவது கசிவு மட்டும். ஒரு மணி நேரத்தில் கால் மில்லி அம்பியருக்குக் கீழே வந்தது. அந்தப் பாதி பிழைத்தது.

மற்றப் பாதி 180 வோல்ட்டில் நின்றுவிட்டது. ஏறவில்லை. கொடுக்கும் 2 மில்லி அம்பியரும் கசிவாகவே போகிறது என்று பொருள். பொறுத்துப் பார்த்தோம். பகல் சாப்பாட்டுக்கு 240. பின்னேரம் நாலு மணிக்கு 320. நம்பிக்கை வந்தது. ஐந்து மணிக்கு மறுபடி 290.

"அண்ணை, குழாய் இளஞ்சூடாக் கிடக்குது."

நிறுத்தினேன். ஏறிய வோல்ட்டேஜ் திரும்பி இறங்கி, சூடும் வந்துவிட்டால் அதற்கு மேல் அதைத் தள்ளுவது பிழை என்பது என் முடிவு. பழக்கி எடுப்பதால் எல்லாம் உயிர் பெறுவதில்லை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் வடியவிட்டு, அது பூச்சியமானதை மீட்டரில் பார்த்த பிறகுதான் கையால் தொட்டேன். திருகாணியால் தட்டி வெறுமையாக்கும் பழக்கத்தை இந்தக் கடையில் நான் அனுமதிப்பதில்லை. 50 மைக்ரோ பராட் 450 வோல்ட்டில் 5 ஜூல் வைத்திருக்கிறது.

இரண்டாவது பாதிக்குப் பதிலாக 47 மைக்ரோ பராட் புதிய கப்பாசிட்டர் ஒன்றைச் சட்டத்தின் அடியில் ஒளித்து வைத்தேன். பழைய குழாய் மேலே அதே இடத்தில் நிற்கிறது. பெரியவருக்கு அதைக் காண வேண்டும். புதியதையும் மாட்டும் முன் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். பத்து நொடிக்குச் சற்று மேல் 450, கசிவு முள்ளில் தெரியவேயில்லை.

அன்று மாலை மெயின்ஸை முதன்முதலில் 60 வாட் பல்பு ஒன்றின் ஊடாகக் கொடுத்தோம். வால்வுகளின் அடிப்பகுதியில் செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஊறியது. பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார். ஹோர்ன் ஸ்பீக்கர் கொண்டுவரவில்லை என்பதால், கடையில் கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, தம்பியின் கைத்தொலைபேசியிலிருந்து நாதஸ்வரம் போட்டோம். வீதியில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்டி இப்போது மேசையின் இடப்பக்கம் இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் தம்பி தன் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறான்: கிளிப் ஒட்டியபடி 2.04, 450இல் 1.88, 18 நிலையில் 350க்கு மேல் இல்லை. கீழே இன்னொரு வரி, கார்த்திகை பிறந்ததும் பலகையைத் துடைத்து மறுபடி அளக்க வேண்டும் என்று.